விடுபட்ட இரண்டு வியாழக்கிழமைகள்

அப்பா இறந்து பன்னிரண்டாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். அது ஒரு திங்கட்கிழமை. அம்மாதான் அனுப்பினாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அங்கே போய் உட்காரலாம் என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. தலையைச் சீவிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அப்பா ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டினார். ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. ஒரு வியாழக்கிழமை காலை, முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. எனக்குப் போன் வந்த நேரத்தில் நான் தளி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் வயலில் செடி எண்ணுவதற்கான, சாக்குத் துணி சுற்றிய இரும்புச் சட்டம். பேசியவர் அப்பாவின் பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். அழுதுகொண்டே சொன்னார். நான் "சரிண்ணா, வர்றேன்" என்றேன். ரோட்டைக் கடக்கும்போது, இந்தச் சட்டத்தை ஆஸ்பத்திரிக்குள் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. வேறு எதுவும் யோசித்ததாக நினைவில்லை. பஸ் நிலையத்துக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் பூக்கடை இருந்தது. அங்கே வைத்துவிட்டுப் போனேன்.

அடக்கத்தின்போதும் நான் அழவில்லை. கோயிலில் ஃபாதர் பேசியதெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் பக்கத்து வீட்டு டிவியில் யாரோ பேசுவதுபோல. ஏழாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்கு நான்தான் காபி கொடுத்தேன். "பொண்ணு தைரியமா இருக்கு" என்று பெரியம்மா யாரிடமோ சொன்னாள். அது தைரியம் இல்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் ஈறைத் தட்டிப் பார்ப்பாரே, அப்போது தட்டுவது தெரியும், வலி தெரியாது. அப்படி இருந்தேன்.

என் வேலை இதுதான். விவசாய டிப்ளமோ முடித்துவிட்டு, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்தத்தில் கள உதவியாளராக இருந்தேன். நிலையம் அந்த வருடம் ஐந்து ஊர்களில் விவசாயிகளின் நிலத்திலேயே ராகி ட்ரையல் வைத்திருந்தது. நிலையத்துக்குள் நன்றாக விளைவது வெளியே, மழையை மட்டும் நம்பியிருக்கும் மண்ணில் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று இரண்டு புது விதைகள், அதோடு அந்த விவசாயியின் சொந்த விதை. ஒவ்வொன்றுக்கும் நிலத்தில் இரண்டு பட்டை, ஆக ஆறு பட்டைகள். மேட்டில் சரளை மண்ணாக இருக்கும் இடத்தில் மாட்டுக்காகக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைத்திருந்தோம். வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஊருக்கும் போய், ஒரு மீட்டர் சதுரமான அந்த இரும்புச் சட்டத்தைப் பயிருக்குள் இறக்கி, உள்ளே எத்தனை செடி, ஒவ்வொன்றும் எத்தனை தூர் கிளைத்திருக்கிறது, எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொண்டு வருவேன். தண்ணீர்க் குறைவால் இலை சுருண்டிருந்தால் அதற்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண் போட வேண்டும்.

வியாழக்கிழமை எனக்கு ஜவளகிரிப் பக்கத்து ஊர். அப்பா இறந்த வியாழன் ஒன்று, அடுத்த வியாழன் ஒன்று. இரண்டு வாரம் நான் அங்கே போகவில்லை. மற்ற நான்கு ஊர்களுக்கு நிலையத்திலிருந்து வேறு ஆட்கள் போயிருந்தார்கள். அது கடைசி ஊர், பஸ் குறைவு. யாரும் போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு வாரம் விடுபட்டுவிட்டால் குறுக்கே கோடு போட்டு, "பதிவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு அது தெரியும். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படித்தான் செய்தேன். ஆனால் அன்றைக்குப் பேனாவை எடுத்து, முந்தின வாரத்து எண்களைப் பார்த்து, அவற்றோடு கொஞ்சம் கொஞ்சம் கூட்டி எழுத ஆரம்பித்தேன். உயரத்தில் சில சென்டிமீட்டர். தூரில் ஒன்றிரண்டு. எல்லாம் ஒரே சீராக ஏறினால் நன்றாக இருக்காது என்று ஓரிரு இடத்தில் குறைத்தேன். இலைச் சுருட்டுக்குப் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கட்டங்கள் நிறைந்தன. புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பயந்து செய்தேன் என்று சொல்ல முடியாது. சோம்பலும் இல்லை. வெறுமையாக இருந்த கட்டத்தைக் கை நிரப்பியது. அதற்கு மேல் ஒரு காரணம் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

மத்தியானம் எங்கள் அதிகாரி கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசாதவர், அடக்கத்துக்கும் வந்திருந்தார். அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏம்மா, ரெண்டு வாரமும் போட்டிருக்கே? நீதான் லீவுல இருந்தியே."

"போன்ல கேட்டு எழுதிட்டேன் சார். அந்த அக்காவே எண்ணிச் சொன்னாங்க."

"அப்படியா? நல்லது. கெட்டிக்கார அம்மா அது."

அவ்வளவுதான். பொய் சொன்னோம் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை ஊரில் ட்ரையலுக்கு நிலம் கொடுத்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்தார். வாரம் ஒருமுறை வருவார். நிலம் கணவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. உழுவது, விதைப்பது, நான்கு மாடுகளைப் பார்ப்பது எல்லாம் இவர்தான். கொழுந்தனாருக்கு இந்த விவசாயத்தில் நம்பிக்கை இல்லை. மொத்தத்தையும் தைல மரமாக வைத்துவிட்டால் ஆள் வேண்டாம், யானை வந்தாலும் கவலை வேண்டாம் என்பது அவர் பேச்சு. ட்ரையல் வைக்க இடம் கேட்டு நாங்கள் போனபோது, இந்த அக்காதான் பிடிவாதமாக ஒத்துக்கொண்டார். "புது வெதை இன்னா பண்ணுதுன்னு நானும் பாக்கணும்" என்றார். நான் சட்டத்தை இறக்கும்போதெல்லாம் எதிரே குந்தி, என்னோடு சேர்ந்து அவரும் எண்ணுவார். எனக்கு முன்னால் அவருக்கு எண்ணிக்கை வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை போனபோது, மண் ஈரமாக இருந்தது. இரண்டு நாளுக்கு முன்பு நல்ல மழை. பயிர் பச்சையாகத்தான் நின்றது. இரண்டாம் நம்பர் விதை போட்ட பட்டைகளில் மட்டும் அடி இலைகளின் நுனி கருகியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், எழுதிக்கொள்ளவில்லை. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா, நீ வராத ரெண்டு வாரம் இருக்குதே, மழ சுத்தமா நின்னுபோச்சு. இந்த ரெண்டாம் நம்பரு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அப்பா போயிட்டாராமே. உங்க சார் சொன்னாரு" என்று என் கையைப் பிடித்தார். ஈரமான சொரசொரப்பான கை. கொஞ்ச நேரம் விடவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். களியும் கீரையும் கொடுத்தார். சாப்பிட்டேன். பிறகு எண்ணினோம். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களை எண்ணிக்கையாகத்தான் நினைவுபடுத்த முடிகிறது. பஸ், சட்டம், எண், பஸ். அதெல்லாம் உண்மையான எண்கள். கதிர் வந்தது, பால் பிடித்தது. வீட்டில் அம்மா அப்பாவின் காக்கிச் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு போனோம். அப்பாவின் மேட்டில் சிலுவை மட்டும் நட்டிருந்தது, இன்னும் கட்டவில்லை. புல் முளைத்திருந்தது. அம்மா அழ ஆரம்பித்ததும் நான் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினேன். அது என்ன புல் என்று பெயர்கூட மனதில் ஓடியது. பக்கத்து மேட்டில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது என்று சொல்லலாம். ஆனால் பொறாமைகூட அவ்வளவு அழுத்தமாக இல்லை.

அறுவடை வந்தது. சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் இறங்கியிருப்பதாகவும், சீக்கிரமே இந்தப் பக்கம் திரும்பும் என்றும் பேச்சு அடிபட்டதால், இரண்டு நாள் முன்னதாகவே கதிரை அறுத்தார்கள். நிலையத்தின் வழக்கப்படி அங்கேயே வயல் விழா வைத்தோம். சின்னப் பந்தல், நாற்காலிகள், டீ, பன். ஊர் ஆட்கள் நாற்பது பேர் வந்திருப்பார்கள். பட்டை பட்டையாக அடித்துத் தூற்றிய ராகியை எல்லோர் முன்னாலும் தொங்கு தராசில் எடை போட்டோம். தராசைப் பிடித்தது நான்.

அக்காவின் சொந்த விதைதான் கூடுதலாக நின்றது. இரண்டாம் நம்பர் நன்றாகக் கீழே போயிருந்தது. மற்ற ஊர்களில் அதுதான் முன்னால் வந்திருந்தது. அதிகாரிக்கு அந்த விதைமேல் ஒரு பிரியம் உண்டு. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ரெண்டாம் நம்பர் எல்லா ஊர்லயும் நல்லா வந்துருக்கு. இங்க மட்டும்தான் இறங்கியிருக்கு. வறட்சி தாக்குச்சான்னு பார்த்தா, அதுல இலை சுருண்டதாவே பதிவு இல்ல. அப்ப களை எடுக்கறதுல தாமதம் ஆயிருக்கணும். புது வெதைக்குப் பராமரிப்பு ரொம்ப முக்கியம்."

அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"சார், ஆறு பட்டைக்கும் ஒரே நாள்லதான் களை எடுத்தது. இது காஞ்சுது சார். மழ நின்ன அந்த ரெண்டு வாரம், மத்தியானத்துல வந்து பாத்தா குழலு மாதிரி சுருட்டிக்கினு நின்னுச்சு. எங்க வெதை அப்படி சுருளல."

"அந்த ரெண்டு வாரமும் நீங்க போன்ல சொன்னதைத்தாம்மா எழுதியிருக்கு. நல்லா இருக்குன்னு நீங்களேதான் சொல்லியிருக்கீங்க."

"நானா? எந்தப் போனு சார்?"

அதிகாரி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. பின்வரிசையிலிருந்து கொழுந்தனார் சிரித்தார்.

"எங்க அண்ணிக்கு நேத்து சொன்னது இன்னிக்கு ஞாபகம் இருக்காது சார். பொம்பளைங்க கையில பூமிய விட்டா இப்படித்தான். நான் அப்பவே சொன்னேன்."

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பார்வைதான், குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நான் தராசின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். தட்டில் எதுவும் இல்லை, முள் பூஜ்யத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பில் திரும்பும்போது அதிகாரி, "பாவம், மறந்துட்டாங்க போல" என்றார். நான் "ம்" என்றேன். தளி தாண்டியதும் தூங்கிவிட்டேன். அந்த நாட்களில் எனக்குத் தூக்கத்துக்குக் குறைவே இல்லை.

அறிக்கையைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. "விவசாயியின் பராமரிப்புக் குறைபாடு காரணமாக" என்று அதிகாரி எழுதிக்கொடுத்த வரியையும் நான்தான் அடித்தேன். அடித்துச் சேமித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்படித்தான் நடந்தது.

வயல் விழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காத. எங்க பொண்ணு என் போன எடுத்துப் பாத்துச்சு. அந்த ரெண்டு வாரத்துல உன் நம்பர்லருந்து ஒண்ணுமே வந்தாப்ல இல்ல. வேற நம்பர்லருந்து பேசுனியா?"

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"இல்ல, எனக்குத்தான் மறந்துபோச்சான்னு கேக்கறேன். எங்க அம்மாவுக்குக் கடைசி காலத்துல எல்லாம் மறந்துபோச்சு. பெத்த புள்ளைங்களையே தெரியல. அதான் எனக்கும் ஆரம்பிச்சிருச்சோன்னு. ஊர்ல எல்லாரும் அதையே சொல்றாங்க. வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போலாங்கறாரு. நீ சொன்னா நான் நம்புவேன். பேசுனனா நானு?"

தட்டில் சோறு இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, "இல்லக்கா, நீங்க பேசல" என்றேன். "நாளைக்கு வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன். யோசித்துத் தீர்மானித்தேன் என்றெல்லாம் இல்லை. கால் போனது.

சொன்னேன். இரண்டு வாக்கியம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கோடு போட்டு விட்டிருக்கலாமேம்மா. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

"தெரியும் சார்."

"பின்ன ஏன்?"

"தெரியல சார்."

பதிவுப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, "அந்த ஊரையே கணக்குலேருந்து எடுக்கணும்" என்றார்.

"மத்த வாரமெல்லாம் நெஜம் சார். நானே எண்ணினது."

"அதை நான் எப்படிம்மா நம்பறது?"

அன்றைக்கு மாலையே அந்த ஊரின் பக்கங்கள் முழுவதற்கும் குறுக்கே கோடு போட்டார். உழுததிலிருந்து அறுத்தது வரை ஒரு பருவம்.

மறுநாள் அக்காவின் ஊருக்குப் போனேன். அவர் ராகித் தாளைப் போர் போட்டுக்கொண்டிருந்தார். பாதி உயரம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். போன் பண்ணவே இல்லை, எண்களை நானே எழுதினேன், கேட்டபோது உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் மூச்சை விட்டார். "அப்ப எனக்கு மறதி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகுதான் முகம் மாறியது.

"எதுக்குப் பண்ண?"

"தெரியலக்கா. அப்பா செத்ததுக்கு அப்புறம்..."

"உங்கப்பா செத்தாரு, சரி. அது எனக்குத் தெரியாதா? நீ அன்னிக்கு வந்து நின்ன கோலத்தப் பாத்துட்டுத்தான் நானே பேச வந்தத நிறுத்துனேன். நீ வரலன்னா வரலன்னு எழுது. யாரு உன்ன அடிக்கப் போறாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எழுதுனதுகூடப் போவட்டும். எழுதுனது தாளு. அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி நான் உன் மூஞ்சியப் பாத்தேன் இல்ல? இவ சொல்லுவா, இவளுக்குத் தெரியும்னு பாத்தேன். நீ தராசப் பாத்துக்கினு நின்ன. நின்ன பாரு, அது."

அவர் கத்தவில்லை. குரல் நடுங்கியது, அவ்வளவுதான். என் காது இரண்டும் சூடேறின. பிறகு கழுத்து, முகம். மூன்று மாதத்தில் என் உடம்பு எதற்காவது பதில் சொன்னது அப்போதுதான். அழுகை வரவில்லை. வெட்கம் மட்டும் வந்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததுபோல.

"மன்னிச்சுருங்கக்கா" என்றேன்.

"போம்மா. எனக்கு வேல இருக்குது" என்று போர்மேல் ஏறிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதிகாரி தனியாகப் போய் அக்காவைப் பார்த்தார். வயல் விழாவில் தான் சொன்னது தவறு என்றும், பதிவில்தான் பிழை என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு வாரமும் எந்தப் பட்டை எப்போது சுருண்டது, எப்போது மீண்டது என்று அக்கா வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். மாடு கன்று போட்ட நாள், சந்தைக்குப் போன நாள் என்று அடையாளம் வைத்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். அந்தத் தாள் அறிக்கையின் கடைசியில் இணைப்பாகச் சேர்ந்தது. எண்களோடு அதைச் சேர்க்க வழியில்லை. பந்தலில் இருந்த நாற்பது பேரில் அதிகாரி வந்த அன்று அக்கா வீட்டில் யாரும் இல்லை. கொழுந்தனாரும் இல்லை. இன்னொரு வயல் விழா வைத்து யார் சொல்லப்போகிறார்கள்? ஊருக்குத் தெரிந்தது முதலில் சொன்னதுதான்.

என்னை அதிகாரி வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை விதை அறையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டும் வேலையைக் கொடுத்தார். வயலுக்கு அனுப்பவில்லை. பங்குனியில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

அம்மாவிடம் அந்த டிசம்பரிலேயே சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து, ஊறவைத்த மொச்சையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. முடிந்த பிறகு, "அப்பா இருந்தா உன்கிட்ட ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாரு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"எட்டாம் நாளு அவரே வந்து சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாரு."

"ஆமா."

ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். நானும் பிதுக்க ஆரம்பித்தேன். பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழுந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இப்போது நான் பாகலூர் ரோட்டில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். தட்டுகளில் முளைத்ததையும் முளைக்காததையும் எண்ணி எழுத வேண்டும். விடுபட்டால் கோடு போடுகிறேன்.

அடுத்த ஆடியில், நாற்று கொடுத்த ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டு வர என்னை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். திரும்பும் பஸ் அக்காவின் நிலத்துக்கு அருகில்தான் நிற்கும். வேறு வழியில்லை, அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது. நிலத்தின் மேல்பாதியில் தைலக் கன்றுகள் வரிசையாக நட்டிருந்தன. முழங்கால் உயரம். நாங்கள் புல் விதைத்த சரளை மேடும் அதற்குள் போயிருந்தது. கீழ்ப்பாதியை உழுது வைத்திருந்தார்கள். அக்கா மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, வீசி விதைத்தபடி வேலியோரம் வந்துகொண்டிருந்தார். அவருடைய சொந்த விதையாகத்தான் இருக்க வேண்டும். கேட்கவில்லை.

என்னைப் பார்த்தார். நான் கையைக் கூப்பினேனா, வெறுமனே நின்றேனா என்று இப்போது தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ரோட்டை ஒருமுறை பார்த்தார்.

"பஸ்ஸு மூணு மணிக்குத்தான்" என்றார். "இந்த வெய்யில்ல நிக்காத. அந்தப் பக்கம் புளிய மரத்துக்கிட்ட நெழல் இருக்குது."

சொல்லிவிட்டு அடுத்த கைப்பிடியை எடுத்து வீசிக்கொண்டு திரும்பி நடந்தார். நான் ரோட்டைக் கடந்து நிழலுக்குப் போனேன்.